47 சென்ரிமீற்றர் அட்டை

பால்மா பெட்டி ஒன்றை வெட்டி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு நாள் கொழும்புக் காலி வீதியில் பிள்ளைக்குக் கார் சீட் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த அட்டையைப் பார்த்தால் தவளை மல்லாந்து கிடப்பது போலிருக்கும். அது என் மகளின் அளவு. சரியாகச் சொன்னால் அவளுடைய அளவல்ல, அவள் மேல் போட்டிருந்த பிளாஸ்டரின் அளவு.

மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். இடது இடுப்பு மூட்டில் பந்து கிண்ணத்துக்குள் உட்காராமல் விலகியிருந்தது. முதல் பிள்ளை, பெண் பிள்ளை, வயிற்றுக்குள் தலைகீழாகத் திரும்பாமல் இருந்த பிள்ளை. இந்த மூன்றுமே இடுப்பு விலகல் வரக்கூடிய பிள்ளைகளின் அடையாளம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் போன கிளினிக்கில் யாரும் வடிவாகப் பார்க்கவில்லை. பம்பர்ஸ் மாற்றும்போது ஒரு கால் மற்றதைப்போல விரியவில்லை என்று மனைவிதான் கண்டுபிடித்தாள். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகுமுன் தெரிந்திருந்தால் துணிவார் கட்டியே சரிப்படுத்தப் பார்த்திருப்பார்களாம். எங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. மயக்க மருந்து கொடுத்து, வெட்டாமலே பந்தை உள்ளே பொருத்தி, அது திரும்ப நழுவாதபடி நெஞ்சின் கீழிருந்து கணுக்கால் வரை பிளாஸ்டர் போட்டார்கள். ஸ்பைகா என்பது அதன் பெயர். முழங்கால் இரண்டும் மடங்கி இரு பக்கமும் அகன்று நிற்கும். ஆறு கிழமை கழித்து ஒருமுறை மாற்றி, மொத்தம் 12 கிழமை.

நம் ஆட்கள் பிள்ளையை ஒக்கலையில் வைப்பார்களே, ஏறக்குறைய அதே இருப்புத்தான். ஒக்கலைக்கு நல்லதாக இருப்பது காருக்குள் வந்ததும் வில்லங்கமாகிவிட்டது.

புதன்கிழமை சொன்னார்கள், வெள்ளி துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவோம் என்று. எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டேன். "ஓட்டோவில் வேண்டாம், கவனமாகக் கொண்டு போங்கோ" என்றார்கள். அவ்வளவுதான். பிளாஸ்டருக்குள் தண்ணீர் போகக்கூடாது, கால்விரல் நிறம் மாறினால் உடனே வரவேண்டும், சின்னப் பம்பர்ஸை உள்ளே செருகி அதன்மேல் பெரியதைக் கட்டவேண்டும் என்றெல்லாம் தாதி மிஸ்ஸி ஒருவர் அருமையாகச் சொல்லித் தந்தார். ஆஸ்பத்திரி இருக்கும் பொரளையிலிருந்து எங்கள் வீடு இருக்கும் வெள்ளவத்தைக்குப் போகும் வழியை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

மாமிக்கு அதில் சிக்கலே இல்லை. "தம்பி, நான் பின் சீட்டில இருந்து மடியில வைச்சுக்கொண்டு வாறன். நாங்கள் பிள்ளையள் வளர்க்கேல்லையே?"

மாமியோடு வாதாடுவது லேசல்ல. ஆனாலும் சொன்னேன். கார் 50 கிலோமீற்றர் வேகத்தில் எதிலாவது முட்டினால், அந்தக் கணத்தில் பிள்ளை தன் எடையைப்போல் இருபது முப்பது மடங்கு வலுவோடு முன்னுக்குப் போகும். மகள் எட்டரைக் கிலோ, பிளாஸ்டர் ஏறக்குறைய ஒரு கிலோ. யாருடைய கையும் அதைப் பிடிக்காது. அதிலும் கல்லுப்போல இறுகின பிளாஸ்டர். மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ஏன் நிண்டுகொண்டு நிக்கிறீர், போய்ப் பாரும்" என்றார்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சீட் இருந்தது, பிறந்தபோது வாங்கிய வாளி மாதிரியானது. அட்டையை வைத்துப் பார்த்ததும் கதை முடிந்தது. அதன் உட்பக்க அகலம் 29 சென்ரிமீற்றர். பிளாஸ்டரின் முழங்காலிலிருந்து முழங்கால் வரை 47. தாச்சிக்கு மேல் பெரிய மூடியை வைத்தது போல அட்டை மேலேயே நின்றது. அப்படி மேலே நிற்கும் பிள்ளையை எந்த பெல்ட்டும் காப்பாற்றாது.

அட்டை யோசனை அதற்கு முன், புதன் இரவே வந்தது. லண்டனில் இருக்கும் மனைவியின் அக்கா போன் எடுத்தா. அங்கே ஸ்டெப்ஸ் என்று இடுப்பு, கால் பிரச்சினையுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கென்றே ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறதாம். ஸ்பைகா போட்ட பிள்ளைக்கென்று சீட்டை வாடகைக்கும் எடுக்கலாமாம். அமெரிக்காவில் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்துக் கட்டும் கார்க் கட்டில்கூட உண்டு. இவை ஒன்றும் நமக்கு வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது. ஆனால் அக்கா சொன்ன வேறு சில விஷயங்கள் அப்படியே உதவின. பெயரைப் பார்த்து வாங்காதே, பக்கச் சுவர் முன்பகுதியில் பதிந்து தாழ்ந்திருக்கிறதா என்று பார். கவட்டுப் பட்டி முதுகிலிருந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பார். எதையும் வெட்டாதே, வெட்ட விடாதே. பிள்ளையைக் கொண்டுபோக முடியாவிட்டால் பிளாஸ்டரை அளந்துகொண்டு போ.

வியாழன் பார்வையாளர் நேரத்தில் அளவுநாடாவோடு போனேன். பக்கத்துக் கட்டில் அம்மா, சட்டை தைக்கப் போகிறீர்களா என்று கேட்டார். முழங்கால் அகலம், இடுப்பு அகலம், முதுகிலிருந்து முழங்கால் நுனி வரை, முதுகிலிருந்து தலை உச்சி வரை எல்லாவற்றையும் அளந்தேன். மகள் நாடாவின் நுனியைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்ததால் ஒரு அளவை மூன்று தரம் எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு காருக்குள்ளேயே இருந்து அட்டையை வெட்டினேன்.

முதல் கடை குளிரூட்டின பெரிய கடை. 140,000 ரூபாய் சீட், கையால் தொட்டால் சுழலும். பக்கங்கள் இரண்டும் குகைபோல உயர்ந்திருந்தன. பாதுகாப்புக்கு நல்ல வடிவம்தான், ஆனால் அட்டை உள்ளே இறங்கவில்லை. விற்பனைப் பையன் இன்னொன்றைக் காட்டி, "இதை முன்னுக்குப் பார்க்க வையுங்கோ, கால் வெளியே நிற்கும்" என்றான். ஒன்பது மாதப் பிள்ளைக்கு அது சரிவராது. அந்த வயதில் கழுத்து மெலிது, தலை பாரம். பின்பக்கம் பார்த்து இருந்தால்தான் மோதும்போது முதுகு முழுக்க அடியைத் தாங்கும். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் தெகிவளையில் ஒரு வீட்டில், பாவித்த சீட் ஒன்று. அட்டை அழகாக உட்கார்ந்தது. ஆனால் செம்மஞ்சள் நிற அங்கீகார லேபிளைக் காணவில்லை, பட்டி ஒரு பக்கம் நார்நாராகியிருந்தது. விபத்தில் பட்டதா என்று கேட்டேன். "தெரியாது, நாங்களும் ஒரு ஆளிட்ட வாங்கினது" என்றார்கள். மனம் இழுத்தது, விலையும் இழுத்தது. விட்டுவிட்டேன்.

பம்பலப்பிட்டியில் ஒரு சின்னக் கடை. நானா ஒருவர் மேசைக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அட்டையை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளைட காலா தம்பி இது?"

"ஓம் நானா. பிளாஸ்டரோட."

ஒவ்வொரு சீட்டாக இறக்கி அவரே அட்டையை வைத்துப் பார்த்தார். ஒன்றில் மூன்று சென்ரிமீற்றர் இடித்தது. "இந்த ஸ்பொஞ்ச கொஞ்சம் வெட்டினா சரிவரும்" என்றார். அந்த ஸ்பொஞ்சுதான் மோதலை உறிஞ்சுவது என்று சொன்னதும் கத்தியைத் திரும்ப மேசைக்குள் வைத்துவிட்டார். அடுத்தது பொருந்தியது. சந்தோசத்தோடு கீழே என் வாகன் ஆர் காருக்குக் கொண்டுபோய் வைத்தால், கார் பெல்ட் எட்டவில்லை. பின்பக்கம் பார்த்து வைக்கும்போது, அந்த மாதிரிச் சீட்டுக்கு கார் பெல்ட் சீட்டின் முதுகைச் சுற்றிவர வேண்டும், அதற்கு நீளம் காணாது. ஒரு சாண் குறைந்தது. நீட்டிப்புக் கொழுவி ஒன்று வாங்கிப் போடலாமா என்று நானா கேட்டார். சீட் புத்தகம் வேண்டாம் என்றது. அவரும் நானும் வெயிலில் நின்று அந்த பெல்ட்டை இழுத்த இழுப்பு, போகிற வருகிற ஆட்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

நானா புறக்கோட்டைக்கு போன் எடுத்து யாரிடமோ கதைத்தார். ஒரு மணி நேரத்தில் ஓட்டோவில் ஒரு பெட்டி வந்தது. மிகச் சாதாரணமான சீட், சுழலாது, கிண்ணம் வைக்கும் இடம்கூடக் கிடையாது. ஆனால் பக்கச் சுவர் முன்னால் கைவிரல் உயரம்தான். பின்பக்கம் பார்த்து 13 கிலோ வரை வைக்கலாம் என்று லேபிளில் இருந்தது. கார் பெல்ட் முதுகைச் சுற்றாமல் இருக்கைக்குக் கீழால் ஊடுருவிப் போவதால் எட்டியது. கவட்டுப் பட்டிக்கு இரண்டு துளைகள், தூரத்துத் துளைக்கு மாற்றலாம். 38,500 ரூபாய். 140,000 ரூபாய்ச் சீட்டை நினைத்துக் கொஞ்சம் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இரவு ஒழுங்கைக்குள் காரை நிறுத்தி, மாமி டோர்ச் பிடிக்க, பொருத்தினேன். வாகன் ஆரின் பின் சீட் முன்னும் பின்னும் நகரும், அதைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளிவிட்டு, முழங்காலைச் சீட்டில் அழுத்திக்கொண்டு பெல்ட்டை இறுக்கினேன். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. முதல் தரம் தாராளமாக ஆடியது, நாலாம் தரம் நின்றது. பச்சைக் குழந்தைக்கென்று வந்த உள்மெத்தையைக் கழற்றினேன், புத்தகம் அனுமதித்தது. அதனால் நாலு சென்ரிமீற்றர் ஆழம் கிடைத்தது. மாமி தாமாகவே 10 கிலோ அரிசிப் பையைக் கொண்டுவந்து, "இதை வைச்சுப் பாரும்" என்றார். வைத்துப் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை பிள்ளையை இருத்தும்போதுதான் அட்டை சொல்லாத ஒன்று விளங்கியது. பிளாஸ்டரின் பின்பக்கத் தடிப்பு அவளை ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் உயர்த்திவிட்டது. தோள்பட்டி தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழே இருந்து வரவேண்டும். நான் முந்தின நாள் வைத்த துளை மிகக் கீழே நின்றது. வாகனத் தரிப்பிடத்தில் எல்லாவற்றையும் கழற்றி ஒரு துளை மேலே ஏற்றினேன். பட்டி இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். வயிற்றில் பிளாஸ்டர் கல்லாக இருப்பதால் அங்கே இறுகிவிடும், நாங்கள் இறுகிவிட்டது என்று நினைப்போம். தோளில் பார்த்தால் தொளதொளப்பு. தோள் எலும்பின் மேல் பட்டியை இரண்டு விரலால் கிள்ளினால் மடிப்பு வரக்கூடாது. அதை மனைவி செய்து பார்த்து, "என்னப்பா, இன்னும் இழுங்கோ" என்று மூன்று தரம் சொன்னாள். தொடையின் இரு பக்கமும் சின்னத் துவாயைச் சுருட்டி வைத்தோம், முதுகுக்கும் கீழுக்கும் ஒன்றும் வைக்கவில்லை. கால்நுனிக்கும் காரின் சாய்வுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

கனத்தை சுற்றுவட்டம், பௌத்தாலோக மாவத்தை, காலி வீதி. அரை மணி நேரத்து ஓட்டத்தை ஒரு மணி நேரமாக ஓட்டினேன். பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடித்தே களைத்துப்போனான். மனைவி பின்னால் பக்கத்தில் இருந்து மகளின் தாடை நெஞ்சில் முட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். மகள் நித்திரை.

கொழும்பு வெக்கையில் பட்ட பாடு தனிக்கதை. வெயிலில் நிறுத்திய கார் அடுப்பாகிவிடும், பட்டியின் கொளுக்கி சுடும். போவதற்குப் பத்து நிமிடம் முன் ஏசியைப் போட்டு, கொளுக்கியைத் தொட்டுப் பார்த்துத்தான் பிள்ளையை வைப்போம். ஆறு கிழமைக்குப் பிறகு போட்ட இரண்டாவது பிளாஸ்டர் கொஞ்சம் ஒடுக்கம், 43 சென்ரிமீற்றர். அதற்கும் புதிதாகத் துளை, பட்டி, துவாய் எல்லாம் சரிப்படுத்த வேண்டி வந்தது.

இரண்டாவது தடவை வார்டில் நின்றபோது, மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு அப்பா என் அட்டையைக் கேட்டார். அவருடைய மகனுக்கும் ஸ்பைகா. அந்த அட்டையைக் கொடுக்கவில்லை, அவர் மகனுக்கு அது பொருந்தாது. அளவுநாடாவைக் கொடுத்து, கன்ரீனில் ஒரு வெறும் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துப் போன் எடுத்தார்.

"அண்ணே, சீட் கிடைச்சிட்டுது. பெல்ட்தான் எட்டுதில்ல."