கால்வாய்க்கரைப் பழங்கள்

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

வட இங்கிலாந்தின் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய்க்கரை முழுக்கப் பிளாக்பெர்ரி கறுத்துத் தொங்குகிறது. கொத்தின் நுனிப்பழம்தான் முதலில் பழுக்கும், இனிப்பும் அதில்தான் அதிகம். விரல் பட்டதுமே கையோடு வந்துவிட வேண்டும். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு நாள் விட்டுவைப்பது நல்லது. நாய்கள் நடமாடும் பாதை என்பதால் இடுப்புக்குக் கீழே பறிக்கவில்லை. விற்பனைக்காக அல்லாமல் காட்டுப்பழம் பறிப்பது திருட்டாகாது என்று இங்கே 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து அந்தச் சட்டத்தின்மேல் எனக்குத் தனிப் பிரியம். ஒன்றரைக் கிலோ தேறியது. மணிக்கட்டெல்லாம் முள் கீறல்.

9 செப்டம்பர், திங்கள்

ஜாம் உறையவில்லை. நன்றாகக் கனிந்ததாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதுதான் பிழை. ஜாமை உறைய வைப்பது பெக்டின். பழம் அதிகமாகக் கனிந்தால் அது குறைந்துவிடும். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "பதம் பார்க்காமலா இறக்கினாய்?" என்றார். அதிரசப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்த பிறகே அடுப்பை அணைப்பவர் அவர். பார்த்தேன் அம்மா, பழத்திலேயே பிடிப்பு இல்லை.

22 செப்டம்பர், ஞாயிறு

மதகுக்குப் பக்கத்தில் ஒரு கிராப் ஆப்பிள் மரம். மூன்று வருடமாக அதைக் கடந்துதான் போய்வருகிறேன், இன்றுதான் நின்றேன். நெல்லிக்காய் அளவு, கடித்தால் பல் கூசும் புளிப்பு. இரண்டு கிலோவுக்கு மேல் பறித்தேன். ஒரு கிலோவைத் தனியாக வைத்துவிட்டு மற்றதை நான்காக வெட்டினேன். பெக்டின் தோலிலும் விதைப்பகுதியிலும்தான் மிகுதி என்பதால் எதையும் நீக்கக் கூடாது. மூழ்கத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்தேன்.

வடிகட்டத் தனிப் பை எதுவும் இல்லை. அப்பாவின் பழைய வேட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது, துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போனது. அதில் ஒரு துண்டைக் கொதிநீரில் அலசி, கவிழ்த்து வைத்த முக்காலியின் கால்களில் கட்டி, கீழே பாத்திரத்தை வைத்துக் கூழை ஊற்றினேன். இனி இரவு முழுக்கச் சொட்ட வேண்டும். பிழியவே கூடாது, பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். தேங்காய்ப்பாலும் புளியும் பிழிந்தே பழகிய கையைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு கடினம்! இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். இருட்டில் சொட்டுச் சொட்டாக விழும் ஓசை மட்டும் கேட்டது.

23 செப்டம்பர், திங்கள்

1.2 லிட்டர் சாறு. 600 மில்லிக்கு 450 கிராம் சர்க்கரை என்பது கணக்கு. வைக்கோல் நிறத்தில் இருந்த சாறு கொதிக்கக் கொதிக்க மாதுளை முத்தைப் போலச் சிவந்தது. 105 டிகிரி வந்ததும் அடுப்பைத் தணித்து, ஃப்ரீசரில் குளிரவைத்த தட்டில் ஒரு துளி விட்டு, சற்றுப் பொறுத்து விரலால் தள்ளினேன். ஆறிய பாலின் ஆடைபோல மேற்பரப்பு சுருங்கியது. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "இதுதான் பதம். உடனே இறக்கு" என்றார். ஐந்து பாட்டில்.

29 செப்டம்பர், ஞாயிறு

இன்று மைக்கேல்மஸ், புனித மிக்கேலின் திருநாள். இதற்குப் பிறகு பிளாக்பெர்ரி பறிக்கக் கூடாது, சாத்தான் அதன்மேல் துப்பிவிடுவான் என்பது இங்குள்ள பழைய நம்பிக்கை. கரைக்குப் போனால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது: மழையில் ஊறிய பழங்கள், நரைத்த பூஞ்சணம், மொய்க்கும் ஈ. அரைக் கிலோதான் நல்லதாகக் கிடைத்தது. கொஞ்சம் கிராப் ஆப்பிள் சேர்த்துக் காய்ச்சினேன். உறைந்துவிட்டது!

13 அக்டோபர், ஞாயிறு

மிஞ்சிய கிராப் ஆப்பிளை ஊறுகாய் போட்டேன். உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், நல்லெண்ணெய். மாங்காய்க்கு ஈடான புளிப்பு; முடிவில் மட்டும் ஒரு துவர்ப்பு நாக்கில் நிற்கிறது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து, பழம் தின்னும் ரெட்விங் பறவைகள் வந்திறங்கும் காலம் இது. மதகு மரத்தின் மேல்கிளைகளை நான் தொடவில்லை.