ஓட்டுக் கூரையைச் சுவரோடு பிணைத்த அனுபவம்

வேதாரண்யம் பக்கம் ஓட்டு வீட்டில் குடியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டின் முகட்டு ஓடுகளும் வடக்கு ஓரத்து ஓடுகளும் போயின. அடுத்த வாரங்களில் ஊர் முழுக்க ஓட்டுக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு. கிடைத்த ஓட்டைப் போட்டு மூடினோம். மாமனார் கட்டிய வீடு, பனங்கை போட்ட கூரை. முகட்டிலிருந்து சுவர் வரை சரிவாக இறங்கும் கைமரத்தை எங்கள் பக்கம் சுருக்கமாகக் ‘கை’ என்போம்; பனையில் செய்தால் அது பனங்கை. இடித்துவிட்டுத் தளம் போட எங்களுக்கு மனமும் இல்லை, அதற்கான பணமும் இல்லை. 2024 ஆவணியில்தான் கூரை முழுவதையும் புயலுக்குத் தாங்கும்படி சீர்செய்ய இறங்கினோம்.

கஜாவுக்கு மறுநாள் தெருவில் நடந்தபோதே ஒன்று என் கண்ணில் பட்டது. கூரை முழுவதும் போகாத வீடுகளில், நடுப்பகுதி ஓடுகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. பறந்தவை இறவாணம் என்கிற கீழ் ஓரத்து வரிசையும், இரு முனை ஓரங்களும், முகடும்தான். காற்று சரிவில் ஏறி முகட்டைத் தாண்டும்போது வேகம் பிடிக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைந்து, கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த இழுப்பு மிகக் கடுமையாக இருக்கும். இதற்கிடையில் ஒரு சன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால் கீழேயிருந்தும் தள்ளும். மேலிருந்து இழுப்பும் கீழிருந்து தள்ளலும் சேர்ந்தால் கைமரங்களோடு கூரை கிளம்பிவிடும்.

அதனால்தான் கூரை மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெருங்காற்றில் அவையே பறந்து அடுத்த வீட்டுக்காரர் மீது விழும். ஓட்டை ரீப்பர் (கைமரங்களுக்குக் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டம்) பிடித்திருக்க வேண்டும், ரீப்பரைக் கைமரம் பிடித்திருக்க வேண்டும், கைமரத்தைச் சுவர் பிடித்திருக்க வேண்டும். எங்கள் வேலை முழுவதும் இந்தப் பிடிப்புக்காகத்தான்.

வேலைக்குக் காலம் பார்ப்பது முக்கியம். ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ஓட்டைக் கழற்றக் கூடாது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். நடுவில் கிடைப்பது ஆவணியும் புரட்டாசியும்தான். அப்போதுதான் சம்பா விதைப்பும் நடக்கும் என்பதால் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆசாரியிடம் ஆனியிலேயே முன்பணம் கொடுத்துச் சொல்லி வைத்தோம்.

மேலே ஏறுவதற்கு முன் உள்ளிருந்து பார்த்துவிட வேண்டும். நண்பகலில் கதவு, சன்னல்களைச் சாத்திவிட்டு, விளக்கை அணைத்து அண்ணாந்து பார்த்தால் உடைந்த ஓடும் விலகிய ஓடும் வெளிச்சப் பொட்டுகளாகத் தெரியும். அவற்றுக்கு நேராக ரீப்பரில் சுண்ணக்கட்டியால் குறியிட்டோம். பிறகு ஆசாரி ஒவ்வொரு பனங்கையையும் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போனார். வைரம் பாய்ந்த மரம் கணீரென்று ஒலிக்கும். செல்லரித்த மரம் பொத்தென்று ஓசை தரும். சுவரில் படியும் நுனிகளில்தான் சேதம் அதிகம். ஓட்டுச் சந்தில் கசிந்த நீர் அங்கே தேங்கி, கறையான் மண் கோடு போட்டு ஏறியிருந்தது. அப்படிக் கெட்டுப்போன கைகளை மாற்றினோம்.

அதன் பிறகு அவர் செய்து காட்டியதை நான் மறக்க மாட்டேன். இறவாணத்து ஓடுகளை எடுத்து வைத்துவிட்டு, ஏணியில் நின்றபடி ஒரு பனங்கையின் நுனிக்கு அடியில் தோளைக் கொடுத்து எழும்பினார். கையும் அவரோடு எழும்பியது. சுவருக்கும் மரத்துக்கும் இடையே என் விரல் நுழையும் அளவு இடைவெளி. ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கை சுவரின் மேல் வெறுமனே படுத்திருக்கிறது. அதைப் பிடித்திருந்தது துருப்பிடித்த ஒரே ஆணி. "என் தோளுக்கே வருகிறதே அம்மா, காற்றுக்கு வராதா?" என்று கேட்டார். ஓட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த என் கணவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

பணமும் உழைப்பும் அதிகம் போனது இந்த இடத்தில்தான். ஓர் அங்குல அகலமும் மூன்று மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புப் பட்டையைக் கைமரத்தின் மேலாக வளைத்து, இரு புறமும் இறக்கி, மரத்தில் துளையிட்டுப் போல்ட் முடுக்கினோம். பட்டையின் கீழ் நுனிகளைச் சுவரில் பதித்த கம்பியோடு பற்றவைத்தோம். அந்தக் கம்பிக்காகச் சுவரின் உட்புறத்தில், கைக்கு நேர் கீழே, மேலிருந்து இரண்டரை அடி ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டினார் கொத்தனார். கம்பியின் அடி நுனியைச் செங்கல்லுக்குள் செல்லும்படி வளைத்து, சிறு ஜல்லிக் கலவையால் அடைத்து, ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆற்றினோம். கம்பி எவ்வளவு ஆழத்தில் சுவரைப் பிடிக்கிறதோ அவ்வளவு சுவரின் எடை கூரைக்குத் துணை நிற்கும். மேல் வரிசைச் செங்கல்லில் மட்டும் கொக்கி போட்டால் அந்த வரிசையையும் சேர்த்துக் காற்று பெயர்த்துவிடும். கொத்தனார் ஓரடி போதும் என்றார். நானும் ஆசாரியும் விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாக் கைகளுக்கும் பட்டை போடக் கட்டுப்படியாகவில்லை. மூலைகளிலும் இரு முனைகளிலும் உள்ள கைகள் அனைத்துக்கும், நடுவில் ஒன்று விட்டு ஒன்றுக்கும் போட்டோம். எதிரெதிர்க் கைகளை முகட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்தோம். இரு முனைகளிலும் கைகளின் அடிப்புறத்தில் மூலைவிட்டமாக ஒரு சட்டம் ஓடுகிறது. பக்கவாட்டுக் காற்றில் கைகள் வரிசையாகச் சாய்ந்துவிடாமல் அது தடுக்கும். இரும்பு எல்லாவற்றுக்கும் ரெட் ஆக்சைடு பூசி அதன் மேல் பெயின்ட் அடித்தோம். உப்பளக் காற்றில் பூச்சில்லாத இரும்பு சீக்கிரமே செதில் செதிலாக உதிரும்.

அடுத்தது ஓடு. சீமை ஓட்டின் (மங்களூர் ஓடு) அடிப்புறத்தில் ரீப்பரில் மாட்டும் மூக்கு ஒன்று உண்டு. பல ஓடுகளில் அந்த மூக்கிலேயே ஒரு துளையும் இருக்கும். கம்பி கோத்துக் கட்டத்தான் அந்தத் துளை. எங்கள் பக்கத்தில் அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. இறவாணத்தில் இரண்டு வரிசை, இரு முனை ஓரங்களில் இரண்டு வரிசை, முகட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு வரிசை என்று எல்லா ஓட்டையும் கம்பியால் ரீப்பரோடு கட்டினோம். கம்பி கட்டாயம் நாக முலாம் பூசிய ஜி.ஐ. கம்பியாக இருக்க வேண்டும். கான்கிரீட் வேலைக்கு வாங்கும் கறுப்புக் கட்டுக்கம்பி கடற்கரையில் விரைவில் இற்றுப்போகும். விலை வித்தியாசம் பெரிதல்ல. ஆனாலும் கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவது கறுப்புக் கம்பியாகத்தான் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

நடுப்பகுதி ஓடுகளைக் கட்டவில்லை. உடைந்த ஓட்டை மாற்றுவது அப்போதுதான் எளிது. ஓரங்கள் கெட்டியாக இருந்தால் நடு ஓட்டைப் பெயர்க்கக் காற்றுக்குப் பிடி கிடைப்பது அரிது. அதற்குப் பதிலாக, சரிவின் குறுக்கே சில இடங்களில் மெல்லிய கம்பி வைத்துச் சிமென்ட் பட்டை ஓட்டினோம். முகட்டு ஓடுகளை முந்தைய இரவே தண்ணீரில் ஊறப்போட்டார் கொத்தனார். காய்ந்த ஓடு கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது. சிமென்ட்டோடு கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்தார், வெயிலில் வெடிப்பு குறையும் என்று.

முன்வாசல் கொட்டகையில் இருந்த பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எடுத்துவிட்டு உலோகத் தகடு போட்டோம். ஆஸ்பெஸ்டாஸ் மேல் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது, பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கினோம். கஜாவின்போது எங்கள் தெருவில் வீட்டுக் கூரையோடு சேர்த்துக் கட்டியிருந்த கொட்டகைகள், போகும்போது ஓட்டையும் இழுத்துக்கொண்டு போயின. இப்போது எங்கள் கொட்டகை தனித் தூண்களில், தனி அஸ்திவாரத்தில் நிற்கிறது. போனால் அது மட்டும் போகும். தகடு போட வந்தவர் நிழலுக்காக மூன்றடி வெளியே நீட்டலாம் என்றார். ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீட்டிய தகடு காற்றுக்குக் கைப்பிடி கொடுத்த மாதிரி. ஓரங்களில் தகட்டு நெளிவின் ஒவ்வொரு மேட்டிலும் கொக்கி போல்ட், நடுவில் மட்டும் ஒன்று விட்டு ஒன்று. போல்ட் எப்போதும் தகட்டின் மேட்டில்தான் இறங்க வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் மழைநீர் அந்தத் துளையைத் தேடி வரும்.

சன்னல், கதவு பற்றி ஒரு வார்த்தை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகட்டும் என்று எதிர்ச் சன்னலைத் திறந்து வைக்கும் வழக்கம் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் உண்டு. அவர்கள் மீது மரியாதை இருந்தாலும் இதை நான் ஏற்கவில்லை. உள்ளே நுழையும் காற்று முதலில் தேடுவது கூரையைத்தான். எல்லாத் தாழ்ப்பாள்களையும் மாற்றினோம். பெரிய கதவுக்குக் குறுக்குக் கட்டை போட்டோம்.

பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் கூரைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கஜாவில் இந்த வட்டாரம் இழந்த தென்னைகளை நினைத்தால் நிற்கும் ஒரு மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புரட்டாசிக் கடைசியில் காய்ந்த மட்டைகளையும் குலைகளையும் இறக்கித் தருவதாக அந்த வீட்டு அண்ணன் ஒப்புக்கொண்டார், இறக்கியும் தந்தார்.

அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. அது புதுச்சேரி அருகே 30ஆம் தேதி கரையைக் கடந்தது என்றாலும், அதற்கு முன் புயலாக வலுப்பெறாத நிலையில் எங்கள் கரையை ஒட்டி மெல்ல நகர்ந்தபோது கனமழை கொட்டியது. மேல்நிலைத் தொட்டியை முழுக்க நிரப்பினோம், காலித் தொட்டி பறக்கும். கொட்டகையில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை உள்ளே எடுத்து வைத்தோம். பட்டா, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டினோம். 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணைச் சுவரில் எழுதி வைத்தோம். அறைகளில் ஒழுகவில்லை. வடக்கு முனையில் மட்டும், முக்கோணச் சுவரும் ஓடும் சேரும் இடத்தில் சாரல் உள்ளே கசிந்தது. மழை விட்டதும் அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்தேன்.

ஆனால் கஜா அளவுக்குக் காற்று எங்களுக்கு அப்போது வரவில்லை. கஜா அன்று முதலில் வடக்கேயிருந்து அடித்தது, புயலின் கண் கடந்தபோது சற்று நேரம் அடங்கியது, பிறகு தெற்கேயிருந்து திரும்பி அடித்தது. ஒரு பக்கச் சரிவை மட்டும் பலப்படுத்திவிட்டு நிறுத்திவிடாதீர்கள் என்று நான் சொல்வதும், நடுவில் வரும் அமைதியை நம்பி ஓட்டைச் சரிசெய்ய யாரும் கூரை ஏற வேண்டாம் என்று கெஞ்சுவதும் அதனால்தான். வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தால் இத்தனை வேலை செய்த வீடாக இருந்தாலும் பூட்டிவிட்டுப் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுவோம். மாமியாரிடமும் இதை முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்கியாகிவிட்டது.

கொல்லைப்புறச் சமையல்கட்டின் கூரை இன்னும் பாக்கி. அங்கே கைகளுக்குப் பட்டையும் இல்லை, ஓட்டுக்குக் கம்பியும் இல்லை. சம்பா அறுவடை முடிந்ததும் வருவதாக ஆசாரி சொல்லியிருக்கிறார். வடக்கு முனைக் கசிவையும் அப்போதே அடைத்துவிடலாம் என்று கொத்தனாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.