பழைய ரோடு சைக்கிளின் பிரேக்: காலிப்பர் கடைசியில்தான்

பழைய ரோடு சைக்கிளில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் பலரும் புதிய காலிப்பர், அதாவது கட்டைகளை ரிம்மின் இருபுறமும் அழுத்தும் கவ்வி, வாங்கத்தான் கிளம்புகிறார்கள். என் எண்பதுகளின் எஃகு சைக்கிளுக்குப் பிரேக் வேலை பார்த்த பிறகு, கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். விரலின் விசை லீவர், கேபிள், காலிப்பர், கட்டை எனக் கைமாறித்தான் ரிம்மைச் சேருகிறது. நடுவில் ஓரிடத்தில் அது வீணானாலும், எவ்வளவு விலையுயர்ந்த காலிப்பரும் அதை ஈடுசெய்யாது.

முதலில் பிரேக் கட்டைகள். ரப்பர் பல ஆண்டுகளில் இறுகிப் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. நகத்தால் அழுத்தினால் தடமே பதியாது. கூல்ஸ்டாப் நிறுவனத்தின் இளஞ்சிவப்புக் கட்டைகளை மாட்டியதுமே, அதே பழைய காலிப்பரில் பிடிப்பு தெளிவாகக் கூடியது. அடுத்தது கேபிளும் அதன் உறையும். உள்ளே வழுக்கும் பூச்சுள்ள புதிய உறையை வெட்டிய பின், அதன் முனையை அரத்தால் சமமாகத் தேய்த்து, துளையை ஊசியால் திறந்துவிட வேண்டும்; முனை பிசிறாக இருந்தால் லீவரை அழுத்தும்போது கொழகொழவென்ற உணர்வு போகாது. கியர் கேபிளின் உறையை மட்டும் பிரேக்குக்குப் போடவே கூடாது. அதில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால், பலமாகப் பிடிக்கும்போது அது வெடித்துத் திறந்துகொள்ளக்கூடும்.

ரிம் குரோம் பூசிய எஃகு என்றால், மழையில் எந்தக் கட்டையும் அதில் ஒழுங்காகப் பிடிக்காது. செலவானாலும் அலுமினிய ரிம்முக்கு மாறுவதே உருப்படியான வழி.

இவையெல்லாம் முடிந்த பிறகே காலிப்பர். தொண்ணூறுகளில் பரவலான இரட்டை அச்சுக் காலிப்பரில் இரு கைகளும் தனித்தனிப் புள்ளிகளில் திரும்புவதால், அதே விரல் விசைக்கு அழுத்தம் கூடுகிறது. பழையதைப்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து ரிம்மை உரசுவதும் குறைகிறது. ஆனால் கட்டைகள் ரிம்முக்கு மிக நெருக்கமாக நிற்கும் என்பதால், முன்னதாக வீலைக் கோட்டம் எடுத்தே ஆக வேண்டும்.

வாங்குமுன் அளக்க வேண்டியது, காலிப்பர் போல்ட்டின் நடுவிலிருந்து ரிம்மில் கட்டை படும் இடத்தின் நடு வரையிலான தூரம். இன்றைய பந்தயக் காலிப்பர்கள் பெரும்பாலும் 39 முதல் 49 மி.மீ. வரைதான் எட்டும்; பழைய சட்டகங்களுக்கு 47–57 அல்லது அதற்கும் நீளமானது தேவைப்படலாம். 27 அங்குல வீலுக்குப் பதிலாக இன்றைய 700சி அளவு வீலைப் போட்டால், ரிம்மின் விட்டம் 630 மி.மீ.யிலிருந்து 622 ஆகக் குறைவதால், கட்டைகள் இன்னும் 4 மி.மீ. கீழிறங்க வேண்டியிருக்கும். டெக்ட்ரோ நிறுவனத்தின் ஆர்559 காலிப்பர் இப்படிப்பட்ட சட்டகங்களுக்கென்றே 55 முதல் 73 மி.மீ. வரை எட்டுகிறது.

போல்ட்டும் கவனத்துக்குரியது. பழைய ஃபோர்க்கில் 6 மி.மீ. துளையும் வெளியே தெரியும் நட்டும் இருக்கும். துளைக்குள்ளேயே பதியும் இன்றைய குழிநட்டுக்கு 8 மி.மீ. துளை வேண்டும். ஃபோர்க்கின் பின்பக்கத் துளையை மட்டும் பெரிதாக்கினால் போதும் என்றாலும், வெளிநட்டு வகை கிடைக்கும்போது பழைய எஃகைத் துளைக்காமல் விடுவதையே நான் விரும்புகிறேன்.

பூட்டியபின் கட்டை டயரைத் தொடாமலும் ரிம்முக்குக் கீழே வழுகாமலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியை நிறுத்திவைத்தே லீவரை முழு பலத்தோடு பலமுறை அழுத்துங்கள். கேபிள் இறுக்கும் போல்ட்டில் நழுவுவதாக இருந்தால், வண்டி நிற்கும்போதே நழுவட்டும்.