காலைக் குளிரில் அணையும் ஹீட்டர்: நுவரெலியா நாட்குறிப்பு

ஜனவரி 6

பாத்ரூமில் தண்ணி சுட வைக்கும் கேஸ் ஹீட்டர் மக்கர் பண்ணுகிறது. டேப்பைத் திறந்தால் டக்டக்கென்று ஸ்பார்க் அடிக்கிறது, தீயும் பிடிக்கிறது. ஐந்தாறு செக்கனில் அணைந்துவிடுகிறது. அணையும் வரை அந்தச் சத்தம் ஓய்வதில்லை. விடிகாலையில் மட்டும் இப்படி. வெயில் ஏறினால் ஒழுங்காக எரிகிறது. மத்தியானம் வந்து பார்க்கிற ரிப்பேர் பாஸ் யாராக இருந்தாலும் "நல்லாத்தானே இருக்கு" என்றுதான் சொல்வார்.

ஜனவரி 7

முதலில் பெட்டரி. டோர்ச்சுக்குப் போடும் பெரிய சைஸ் இரண்டு, சேர்த்து 3 வோல்ட். கழற்றி மீட்டர் வைத்தால் 3 காட்டும், அதை நம்பக்கூடாது. ஸ்பார்க் அடிக்கும்போதே அளக்க வேண்டும். பழைய பெட்டரி அடிக்கிற நேரத்தில் 2.1க்கு இறங்கியது. மலிவு பெட்டரி இந்தக் குளிரில் இன்னும் சோர்ந்துபோகும், அல்கலைன்தான் தாங்கும். பெட்டிக்குள் தகட்டில் பச்சை பூத்திருந்தது, சாண்ட் பேப்பரால் தேய்த்தேன். ஸ்பார்க் இப்போது கொழுத்து அடிக்கிறது.

ஜனவரி 8

காலை 5.30. மறுபடியும் அணைந்தது.

ஜனவரி 9

இதற்குள் நடப்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். வரிசை தெரியாமல் கையில் கிடைத்ததை மாற்றுவதால்தான் காசு போகிறது.

தண்ணி ஓடுகிறது. அதன் அழுத்தம் டயாப்ரம் என்கிற ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. டயாப்ரம் ஒரு ஊசியைத் தள்ள, ஊசி மைக்ரோ சுவிச்சைத் தட்டுகிறது. கன்ட்ரோல் பெட்டி விழித்து ஸ்பார்க் அடிக்கிறது, மின்சாரத்தில் இயங்கும் சொலினாய்ட் வால்வைத் திறந்து கேஸை விடுகிறது. தீ பிடித்ததும், தீக்குள் நுனி நீட்டி நிற்கும் சென்சர் பின் என்கிற கம்பி அதை உணர்ந்து சொல்ல வேண்டும். சொன்னால் ஸ்பார்க் நிற்கும், வால்வு திறந்தே இருக்கும். சொல்லாவிட்டால் சில செக்கனில் பெட்டி வால்வை மூடிவிடும். எரியாத கேஸ் பாத்ரூமில் நிறையாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

ஆகவே கழற்றும் முன் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். டக்டக்கே இல்லையென்றால் தண்ணி, பெட்டரி, மைக்ரோ சுவிச். டக்டக் உண்டு, தீ இல்லையென்றால் கேஸ் வரவில்லை, அல்லது ஸ்பார்க் பின் இடைவெளி தப்பு. சிலிண்டர் மாற்றிய கையோடு என்றால் பைப்பில் காற்று. டக்டக் நின்று, நன்றாக எரிந்து, சில நிமிடம் கழித்து அணைந்தால் சூடு கூடிப்போய் கட் ஆகிறது, அல்லது காற்று போதவில்லை. தீ பிடித்த பிறகும் டக்டக் ஓயாமல் அணைந்தால், சென்சர் பக்கம்.

நம்முடையது கடைசி ரகம். ஆனாலும் காலையில் மட்டும் ஏன்?

ஜனவரி 10

பாத்ரூம் ஜன்னலில் யாரோ பொலித்தீன் ஒட்டியிருக்கிறார்கள். கிழித்துவிட்டேன்.

ஜனவரி 11

"குளிரில கேஸ் உறைஞ்சிருக்கும்" என்று பக்கத்து லயத்து வீட்டிலிருந்து யோசனை. முழுத்தப்பு என்று சொல்ல முடியாது. சிலிண்டர் கேஸ் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. பியூட்டேன் ‑0.5 பாகை செல்சியஸுக்கு மேல்தான் கொதித்து ஆவியாகும், புரொப்பேன் ‑42 பாகையிலேயே ஆகிவிடும். கலவையில் பியூட்டேன் கூடினால், சிலிண்டரும் அடிக்கு வந்திருந்தால், தை மாத விடிகாலையில் ஆவி குறையும். ஊகிக்காமல் அளந்து பார்த்தேன். கண்ணாடிப் பைப்பை ஆங்கில யூ எழுத்து மாதிரி வளைத்து, தண்ணி ஊற்றி, ஒரு முனையை ஹீட்டரின் சோதனை முனையில் மாட்டினால் போதும். வீட்டு ரெகுலேட்டர் ஏறக்குறைய 30 மில்லிபார் அழுத்தம் தர வேண்டும், அதாவது இரண்டு பக்கத் தண்ணிக்கும் நடுவே 300 மி.மீ வித்தியாசம். தீ பிடித்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்திலும் 280க்குக் கீழே இறங்கவில்லை. சிலிண்டர் குற்றவாளி இல்லை. சிலிண்டரைச் சூடாக்குகிறேன் என்று அடுப்புப் பக்கம் நகர்த்துகிறவர்களை என்ன சொல்ல! கையெடுத்துக் கும்பிடுகிறேன், செய்யாதீர்கள்.

தீயின் நுனியில் கொஞ்சம் மஞ்சள். நகரம் 1,868 மீட்டர் உயரம், காற்று இங்கே லேசு. கீழ்நாட்டுக்குச் சரிபார்த்து வந்த பர்னர் இங்கே மூச்சு வாங்கும். காற்றுத் துளையில் சிலந்திக்கூடு வேறு இருந்தது. பல் துலக்கும் பழைய பிரஷால் எடுத்தேன், மஞ்சள் போய்விட்டது.

ஜனவரி 12

பச்சப் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வீட்டுக்கு விடவில்லை. அதற்குள் இது சரியாக வேண்டும்.

ஜனவரி 13

தண்ணிப் பக்கத்தையும் முடித்துவிட்டேன். உள்ளே நுழையும் இடத்து வலையில் ஊற்று மண்ணும் இலைத்தூளும். மழை பெய்த மறுநாள் எப்போதும் இப்படித்தான். டேங்க் ஒரு மீட்டர் உயர்ந்தால் 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். மேட்டில் டேங்க் வைத்த வீடுகளுக்குக் கவலையில்லை, கூரையோடு ஒட்டி வைத்தவர்கள்தான் திண்டாடுகிறார்கள். டயாப்ரம் கிழியவில்லை. ஊசியும் தடையில்லாமல் போய்வருகிறது.

ஜனவரி 15

பொங்கல். கடை பூட்டு.

ஜனவரி 16

பிடிபட்டது.

சென்சர் பின் சூட்டைப் பார்ப்பதில்லை. பெட்டி அந்தப் பின்னுக்கு, திசை மாறி மாறி வரும் ஆடலோட்ட மின்னழுத்தம் கொடுக்கிறது. தீக்குள் அயன்கள், அதாவது மின்னேற்றமுள்ள துகள்கள், இருப்பதால் பின்னிலிருந்து பர்னர் வழியாக மிகச் சின்ன மின்னோட்டம் போகும், அதுவும் பெரும்பாலும் ஒரே திசையில். அந்த ஒரு திசை ஓட்டத்தைத்தான் பெட்டி "தீ இருக்கிறது" என்று எடுத்துக்கொள்கிறது. சென்சர் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வைத்துப் பார்த்தேன். மத்தியானம் 2க்கு மேல். விடிகாலையில் 0.4, அதுவும் ஆடி ஆடி.

பின்னை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினேன். பின்னைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானில், தகடு பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே, தலைமயிர் அளவுக்கு ஒரு கீறல். கீறலுக்குள் கரி ஊறியிருக்கிறது. இரவெல்லாம் மூடுபனி, பீங்கானில் ஈரம் பூக்கிறது. ஈரமும் கரியும் சேர்ந்து பின்னிலிருந்து தகட்டுக்கு நேராகக் கசிவு. ஈரம் திசை பார்ப்பதில்லை, இரண்டு பக்கமும் ஓட விடுகிறது. பெட்டிக்கு வரும் சைகை செத்துப்போகிறது. வெயில் ஏறி ஈரம் காய்ந்தால் எல்லாம் சரி.

உறுதிப்படுத்த, கேஸை மூடிவிட்டு தலைமயிர் காயவைக்கும் மெஷினால் பீங்கானுக்கு இரண்டு நிமிடம் சூட்டுக்காற்று. பிறகு கேஸைத் திறந்தால் அணையவே இல்லை.

பர்னரைப் பிடிக்கும் ஸ்க்ரூவிலும் துரு. பின்னின் ஓட்டம் பெட்டிக்குத் திரும்பும் எர்த் வயர் அங்கேதான் முடிகிறது. சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கினேன். புதுப் பின் போட்டாலும் இந்த எர்த் சரியில்லையென்றால் பழைய கதைதான்.

ஜனவரி 17

புதுப் பின்னை இன்றைக்குக் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள். வரவில்லை. ஜன்னலில் மறுபடி துணி.

ஜனவரி 18

வந்தது. பழையதைவிடக் கொஞ்சம் நீளம். வளைப்பதானால் பீங்கானைக் குறடால் பிடிக்கவே கூடாது, வெடிக்கும். கம்பியை மட்டும் பிடித்து வளைக்க வேண்டும். நுனி நீலத் தீக்குள் நிற்க வேண்டும், பர்னர் இரும்பில் படக்கூடாது. பக்கத்து ஸ்பார்க் பின்னுக்கும் பர்னருக்கும் நடுவே இடைவெளி 4 மி.மீ வைத்தேன். அகலம் கூடினால் ஸ்பார்க் தாவாது, பிந்திப் பற்றினால் "டமார்" என்று அடிக்கும். அப்படி அடித்தால் கேஸை மூடி, கதவைத் திறந்து, ஐந்து நிமிடமாவது விட்டுத்தான் அடுத்த தடவை. கழற்றிய மூட்டு எல்லாவற்றுக்கும் சவர்க்காரத் தண்ணி தடவினேன். குமிழி இல்லை.

ஜனவரி 19

5.30. எரிந்தது. டக்டக் இரண்டே அடியில் நின்றது. மீட்டரில் 2.8.

ஜனவரி 20

நாளைக்குக் கூட்டி வருகிறார்கள்.

பாத்ரூமில் மறுபடி பொலித்தீன். "பச்சப் பிள்ளைக்குக் குளிரும் அண்ணே" என்கிறாள் தங்கச்சி. குளிரும்தான், தெரியும். ஆனால் இந்த ரகத்துக்குப் புகைக்குழாய் கிடையாது, எரிந்த காற்று அறைக்குள்ளேயே நிற்கிறது. ஒக்சிசன் குறையக் குறைய காபன் மொனொக்சைட் கூடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, மயக்கம், பிறகு எழும்பக் கால் வராது. சென்சர் பின் தீ இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், காற்றைப் பார்க்காது. பிள்ளைக்குத் தண்ணியை வாளியில் பிடித்து, ஹீட்டரை மூடி, அறைக்குள் கொண்டுபோய்க் குளிப்பாட்டட்டும்.

ஹீட்டரையே வெளிச் சுவருக்கு மாற்றுவதுதான் சரி. இரண்டு மீட்டர் செப்புப் பைப்பு, மழைக்கு மேலே ஒரு தகடு. அதுவரை மூட முடியாதபடி சுவரில் இரண்டு துளை: எரிந்த காற்றுக்கு மேலே ஒன்று, கேஸ் கசிந்தால் தரையோடு தங்கும் என்பதால் கீழே ஒன்று. மேசன் பாஸுக்குச் சொல்லியாயிற்று. கீழ்த் துளைக்கு எலி வலை வாங்க வேண்டும்.