கவுன்சிலர் உறுதிமொழிப் பத்திரம்: கையெழுத்து முதல் ரெக்கார்டு ரூம் வரை

2022 மார்ச் 2 அன்று சென்னை மாநகராட்சியின் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகையில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். மாநகராட்சியின் 200 வார்டுகளில், திருவொற்றியூர் தொடங்கி திரு.வி.க. நகர் வரை 1 முதல் 78 வரையிலானவை நம்ம வட சென்னைப் பக்கம். பதவியேற்பு வீடியோவில்தான் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். பின்னால் ஒரு கேள்வி வந்தால் எடுத்து வைக்க வேண்டியது கையெழுத்துப் போட்ட உறுதிமொழித் தாளைத்தான்.

அந்தத் தாளில் அதிகம் சறுக்குவது பெயர். தேர்தல் சான்றிதழில் உள்ள பெயர், இனிஷியல் உட்பட, அப்படியே இருக்க வேண்டும். பாதி இடம் பெண்களுக்கு என்றான பிறகு இது இன்னும் முக்கியம். வாக்காளர் பட்டியலில் கணவர் இனிஷியல், ஆதாரில் அப்பா இனிஷியல் என்று இருப்பவர்கள் நிறைய. ஆதாரைப் பார்த்து டைப் அடித்தால் சான்றிதழில் ஒருவர், பத்திரத்தில் இன்னொருவர் என்றாகிவிடும். எந்தப் பெயரில் ஜெயித்தாரோ அந்தப் பெயர்தான்.

அடுத்தது ‘கடவுள் அறிய’, ‘உளமார’. இரண்டையும் ஒரே படிவத்தில் அச்சடித்து, வேண்டாததைக் கோடு போட்டு அடிக்கச் சொல்வது வழக்கம். மேடை அவசரத்தில் யாரும் அடிப்பதில்லை. வாயால் சொன்னது ஒன்று, தாளில் இருப்பது இரண்டு. முன்கூட்டியே கேட்டுவைத்து, தனித்தனிப் படிவமாக அச்சடித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. வார்டு எண்ணை வலது மேல்மூலையில் பெரிதாகப் போடுங்கள். கூட்டத்தில் தாள் மாறுவது அதனால் குறையும். கவுன்சிலர் கையெழுத்து, உறுதிமொழி செய்துவைத்த அதிகாரியின் கையெழுத்து, தேதி, மூன்றையும் அவர் மேடையை விட்டு இறங்குமுன் பார்த்துவிட வேண்டும். மாலையோடு வண்டி ஏறிய ஆளைத் திரும்பப் பிடிப்பது லேசான காரியமா?

ஃபைலில் சேர்க்கும்போது பஞ்ச் அடித்து டேக் போடுங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம். எண்ணூர், ராயபுரம் கடல்காற்றுக்குத் துருப்பிடித்து, கையெழுத்து இருக்கும் ஓரத்தையே தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம்.

ஃபைலை முடிக்கும்போது ‘மூன்றாண்டு முடிவு’, அதாவது மூன்று வருஷம் வைத்துவிட்டுக் கழிக்கலாம், என்று போட்டுவிட்டால் கதை கந்தல். பதவிக்காலமே 5 வருஷம். கவுன்சிலர் பதவியில் இருக்கும்போதே தாள் கழிவுக்குப் போய்விடும். நிரந்தரமாக வைக்க வேண்டிய ஃபைல் இது.

2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கும் முன் கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் தனித்தனி நகராட்சிகள். அந்தக் காலத்துப் பத்திரம் தேடுபவர்கள் நேராக ரிப்பன் மாளிகைக்கு ஓடாமல், முதலில் அந்த ஊர் இப்போது வரும் மண்டல அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ‘பதவியேற்பு விவரம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் தேதியை மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடுவார்கள். வார்டு எண், தேர்தல் ஆண்டு இரண்டையும் போட்டு, ‘கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தின் சான்றிட்ட நகல்’ என்றே கேளுங்கள்.