மாடித்தோட்டத்துக்குக் கடல்பாசி: அளவும் உப்பும்

கடல்பாசி உரக் குப்பியின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் பெயருக்குத்தான் இருக்கும், சாம்பல்சத்து மட்டும் ஓரளவு தேறும். தொழுவுரத்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பினால் செடி வெளுத்துத்தான் போகும். பாசியின் வேலை வேறு. அதிலுள்ள சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் துளியளவில் வேரையும் பக்கக் கிளையையும் தூண்டும். அளவு கூடினால் பலன் கூடாது. விதைக்கும் முன் விதையை ஊறவைக்கும் விதை நேர்த்தியில் கரைசல் கெட்டியானால் முளைப்பே குறையும்.

வெளிநாட்டு வீடியோக்களில் அள்ளிப் போடும் கெல்ப் குளிர்கடல் பாசி, நம் கடலில் கிடையாது. மன்னார் வளைகுடாவில் அதன் இடத்தில் இருப்பவை கட்டைக்கோரை எனும் சர்காசமும் பக்கோடா பாசி எனும் டர்பினேரியாவும். மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்களே, அது கப்பாஃபைகஸ். சுமார் 45 நாளில் அறுவடை. பச்சையாக அரைத்துப் பிழிந்த அதன் சாறு இலைத்தெளிப்புக்கு நல்லது.

கரை ஒதுங்கியதை அள்ளும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாடா மாதிரி நீண்ட இலையும் அடியில் வேர்த்தண்டும் இருந்தால் அது பாசியே அல்ல, கடற்புல். மீனவர்கள் தாழை என்பார்கள். மட்க நாளாகும், மண்மேல் பரப்பும் மூடாக்குக்குச் சரி, தண்ணீரில் ஊறவைத்துத் திரவ உரம் எடுக்கும் ஊறலுக்கு உதவாது. கட்டைக்கோரையில் மிளகளவு காற்றுக்குமிழ்கள் இருக்கும். பாறையில் உயிரோடு ஒட்டியிருப்பதைப் பிடுங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவாக உள்ள 21 தீவுகளில் எதை எடுப்பதும் குற்றம்.

இனி உப்பு. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். பாசியை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள், ஆனால் மணிக்கணக்கில் ஊறப்போடாதீர்கள், சாம்பல்சத்தும் கரைந்து ஓடிவிடும். கடைசியாக அலசிய நீரை, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். உங்கள் குழாய்த் தண்ணீரின் அளவை ஒட்டி வந்தால் போதும். நிலத்தில் போடுவதானால் புரட்டாசியில் மண்ணோடு கலந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மிச்ச உப்பைக் கீழே இறக்கிவிடும். தொட்டிக்கு அந்த வசதி இல்லை. பழைய இலைகளின் நுனியும் ஓரமும் கருகி, மண்மேல் வெள்ளையாகப் பூத்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். தொட்டியின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். பீன்ஸ், கேரட், வெங்காயம் மூன்றும் உப்பைத் தாங்காது. தென்னையும் பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும். போர் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும் வீட்டில் கடலிலிருந்து அள்ளிய பாசியைத் தொடாமலிருப்பதே நல்லது.

ஊறல் போட, அலசி நறுக்கிய பாசி 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி. இரும்பு வாளி வேண்டாம், துருப்பிடிக்கும். வாயைத் துணியால் கட்டி நிழலில் 3 முதல் 4 வாரம் வையுங்கள். தினமும் ஒருமுறை அடிவரை கலக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றுப் போகவில்லை, கலக்குவதைக் கூட்டுங்கள். (பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள்.) வடிகட்டி, வேருக்கு ஒன்றுக்குப் பத்து, இலைக்கு ஒன்றுக்கு இருபது என்று நீர் சேர்க்கலாம். சக்கையை மட்குக் குழியில் போட்டுவிடலாம்.

கடைச் சரக்கில் திரவம் என்றால் லிட்டருக்கு 2 முதல் 3 மில்லி, கறுப்புத் தூள் என்றால் 1 கிராம், 15 நாளுக்கொருமுறை. குப்பியில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் பாசிச் சாறு அல்ல, மட்கிய பொருளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் கலந்ததும் விற்கிறது, சேர்மானத்தைப் படித்து வாங்குங்கள். பழுப்புப் பாசித் தூளில் ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் இருக்கும். அது கால்சியம் நைட்ரேட் உரத்தோடு சேர்ந்தால் கூழாகி ஸ்பிரேயர் நாசில் அடைத்துக்கொள்ளும், கடினமான தண்ணீரிலும் இந்தத் தொல்லை வரலாம். பாசித் தூளையும் கால்சியம் நைட்ரேட்டையும் வேறு வேறு நாளில் கொடுங்கள்.

நாற்று நடும்போது வேரை நனைப்பதும், மொட்டு விடுவதற்குச் சற்று முன் இலையில் தெளிப்பதும் நல்ல தருணங்கள். வெயில் ஏறிய பிறகு தெளித்தால் சொட்டுகள் காய்ந்து வீணாகும். கீரைத் தொட்டிக்கு மட்டும் கட்டைக்கோரையைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். கடலிலிருந்து ஆர்சனிக் என்ற நச்சை இழுத்துச் சேர்த்து வைக்கும் பாசி அது.