கட்டுமா, கட்டாதா

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலர்க் குழுவில் இருப்பவர்கள் இம்முறை என்னிடம் விடுதிச் சாப்பாடு பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அந்தச் சாம்பாரைப் பற்றி ஏற்கெனவே மூன்று மலர்களில் மூன்று பேர் எழுதிவிட்டார்கள். நான் பொருளியல் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1974 ஆம் ஆண்டு, ஏ.எல். என்ற உயர்தர வகுப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற பாடம். பாதிப் பேருக்கு நித்திரை. மாஸ்டர் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு இழுத்து, ஒரு பக்கம் நுகர்வுப் பொருள், மறுபக்கம் முதலீட்டுப் பொருள் என்று போட்டார். அரிசி, சேலை, தையல் மெஷின், உழவு யந்திரம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவர், கடைசியில் "வீடு?" என்றார். முன்வாங்கில் இருந்தவன் நுகர்வு என்றான். பக்கத்தில் இருந்தவன் முதலீடு என்றான். பின்வாங்கிலிருந்து ஒரு குரல் "சீதனம், சேர்" என்றது. வகுப்பே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. கோட்டுக்கு மேலேயே, இரண்டு பக்கமும் படும்படி 'வீடு' என்று எழுதினார். மணி அடித்தது, போய்விட்டார்.

கிழக்கு லண்டனில் ஓர் உள்ளூராட்சிக் கவுன்சிலின் வீடமைப்புக் கந்தோரில் நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். அந்த முப்பது வருடமும் அந்தக் கோட்டின் மேல்தான் நடந்தேன் என்று சொல்லலாம். கோடு எங்கே போகிறது என்று எனக்குக் காட்டியவர் மாஸ்டருக்கு அடுத்தபடியாக ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, பேராசிரியர் கிறிஸ்டின் வைட்ஹெட். அவரிடம் நான் படித்தவன் அல்லன். அவர் எழுதியவற்றைப் படித்தவன், பொதுக் கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து கேட்டவன், அவ்வளவுதான். ஆனால் மாஸ்டர் கோடு கீறிய அதே 1974 இல்தான் ஐக்கிய இராச்சியத்தின் வீட்டுச் சந்தையைச் சமன்பாடுகளில் பிடிக்கப் பார்த்த அவருடைய முதல் நூல் வெளிவந்தது என்று பிறகு அறிந்தபோது, ஏதோ உறவுமுறை கண்டுபிடித்ததுபோல இருந்தது.

வீட்டுப் பொருளியல் அப்போது தனித்துறை என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒன்றாகவே இருக்கவில்லை. வங்கி, வர்த்தகம், தொழிற்சாலை என்றால் பொருளியலாளர்கள் வருவார்கள். வீடு என்றால் கட்டடக் கலைஞர்களுக்கும் சமூக சேவையாளர்களுக்கும் விட்டுவிடுவார்கள். எல்.எஸ்.ஈ. என்று நாம் சொல்லும் லண்டன் பொருளியல் பள்ளியில் இவர் வீட்டுப் பொருளியல் பேராசிரியரானார். 1990 முதல் 2010 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வீடமைப்பு, திட்டமிடல் ஆய்வு மையத்துக்கும் இயக்குநராக இருந்தார். 1991 இல் பிரித்தானிய அரசின் ஓ.பி.ஈ. விருது. நாடாளுமன்றக் குழுக்களுக்கு ஆலோசகர். ஓய்வுபெற்ற பிறகும் எழுத்து நிற்கவில்லை. நான் ஓய்வுபெற்ற அடுத்த நாளே மீன் தொட்டி வாங்கிவிட்டேன்.

அவருடைய ஆய்வைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் பெரியம்மாவின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் நகரத்துக்குள் இருந்த நாற்சார் வீடு. ஓர் அரசாங்க எழுதுவினைஞருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தா. 1972 இல் வாடகைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கும் உச்சவரம்பு வந்தது. வாடகையைக் கூட்டவும் முடியாது, ஆளை எழுப்பவும் முடியாது. எழுதுவினைஞர் நல்ல மனுசன். மாதம் பிறந்தால் காசைக் கடித உறையில் போட்டுக் கொண்டுவந்து தந்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். பெரியம்மா மறுநாள் சந்தையில் மீன்காரியிடம் விலை கேட்டுவிட்டு "கட்டாது" என்று சொல்லும்போது அந்த உறையை நினைத்துத்தான் சொல்லுவா. வீட்டுக்கு வெள்ளை அடிப்பதை நிறுத்தினா. பிறகு ஓடு மாற்றுவதை நிறுத்தினா. மழைக்கு எழுதுவினைஞர் வீட்டுக்குள் வாளி வைத்தார். இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள், சட்டமும் நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம், வீடு மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

பிரித்தானியாவில் இதே கதை 1915 இல் தொடங்கியிருக்கிறது. முதலாம் உலகப் போர்க்காலம், கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள் வாடகை கட்டமாட்டோம் என்று தெருவுக்கு வந்தார்கள். அரசாங்கம் வாடகையை ஏற விடாமல் நிறுத்திவைத்துச் சட்டம் போட்டது. போருக்கு முன் பத்தில் ஒன்பது குடும்பங்கள் தனியாரிடம் வாடகைக்கு இருந்த நாட்டில், 1980களின் கடைசியில் அது பத்தில் ஒன்றுக்கும் குறைந்துவிட்டது. வாடகைச் சட்டம் மட்டுமே காரணம் என்று சொன்னால் தவறு. கவுன்சில் வீடுகள் வந்தன, சொந்த வீட்டுக்கு வரிச் சலுகை வந்தது, சேரிகளை இடித்தார்கள். 1986 இல், தனியார் வாடகை இனிச் செத்த துறை என்று பலர் கைகழுவியிருந்த நேரம், வைட்ஹெட் மார்க் கிளைன்மனோடு சேர்ந்து அந்தத் துறையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 1988 ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வாடகைகளைச் சந்தைக்குத் திறந்துவிட்டது. இன்று இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு குடும்பம் அளவில் தனியாரிடம்தான் வாடகைக்கு இருக்கிறது. செத்தது என்ற துறை எழும்பி வந்து எங்கள் பிள்ளைகளின் சம்பளத்தில் பாதியைச் சாப்பிடுகிறது.

வாடகைக் கட்டுப்பாடு நல்லதா கெட்டதா என்று கேட்டால் பொருளியலாளர்கள் அநேகர் கண்ணை மூடிக்கொண்டு கெட்டது என்பார்கள். அரசியல் மேடையில் நல்லது என்பார்கள். பீட்டர் வில்லியம்ஸோடு சேர்ந்து பல நாடுகளின் அனுபவத்தை வைட்ஹெட் பார்த்த விதத்தில் எனக்குப் பிடித்தது, எந்த மாதிரிக் கட்டுப்பாடு என்று முதலில் கேட்பதுதான். பெரியம்மாவுக்கு வந்ததுபோல வாடகையை அப்படியே உறைய வைப்பது ஒன்று. ஒருவர் குடியிருக்கும் காலத்தில் மட்டும் ஏற்றத்துக்கு அளவு வைத்து, அடுத்த குடி வரும்போது சந்தை விலைக்கு விடுவது வேறொன்று. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். பெரியம்மாவுக்கு இரண்டாவது வகை வாய்த்திருந்தால் ஓட்டுக்காரன் வந்திருப்பான் என்று நினைக்கிறேன். எழுதுவினைஞரின் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படியோ தெரியாது.

சரி, 1988 க்கு வருவோம். அப்போது இங்கே இருந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை இருந்தது, முதல் 30,000 பவுணுக்கு. கலியாணம் செய்த இருவருக்குச் சேர்த்து ஒரு சலுகைதான். ஆனால் கலியாணம் ஆகாத மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு வாங்கினால் மூன்று சலுகை! மார்ச் மாதம் நிதியமைச்சர் நைஜல் லோசன் இதை நிறுத்தப்போவதாகச் சொன்னார். ஓகஸ்ட் 1 முதல் வீட்டுக்கு ஒரு சலுகைதான் என்று. அறிவிப்புக்கும் அமுலுக்கும் இடையில் நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் லண்டனில் பிரமச்சாரிகளின் திருவிழா. ஈஸ்ட்ஹாமில் நாங்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் நம் பள்ளிக்கூடத்துப் பையன்கள், ஜூலை கடைசி வாரத்தில் ஒரு வரிசை வீட்டுக்குக் கையெழுத்து வைத்தோம். பார்த்து ஒரு மணித்தியாலத்தில் சரி சொன்ன வீடு. குளியலறைக் கதவு பூட்டாது என்பதைக்கூடக் குடிவந்த பிறகுதான் கண்டோம்.

அந்த மே மாதத்தில் 7.5 வீதமாக இருந்த அடிப்படை வட்டி அடுத்த வருடம் ஒக்டோபரில் 15 வீதம். வீட்டு விலை விழத் தொடங்கியது. 1991 இல் மட்டும் நாடு முழுவதும் 75,000 க்கு மேற்பட்ட வீடுகளைக் கடன் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீடு தப்பியது, பொக்ஸ் ரூம் என்ற சின்ன அறைக்கும் வாடகைக்கு ஆள் வைத்ததால். மூவரில் ஒருவனுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது, விற்றுப் பிரிந்து போகலாம் என்றால் வீட்டின் விலையைவிடக் கடன் அதிகம். பெண் வீட்டார் "தம்பிக்குச் சொந்த வீடு இருக்காமே" என்று சந்தோசமாகக் கேட்டபோது அவன் முழித்த முழி எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தக் காலத்தில்தான் வேலைக்குப் பிறகு ஒரு கல்லூரியில் வீடமைப்பு டிப்ளோமா படித்தேன். ஆசிரியர் ஒருநாள் வைட்ஹெட்டின் கட்டுரை ஒன்றைப் போட்டோக்கொப்பி எடுத்துத் தந்தார். 1991 இல் ஓர் ஆய்விதழில் வந்தது. வீட்டுக் கொள்கையின் இலக்கு 'தேவை' என்பதிலிருந்து 'கட்டுப்படியாதல்' என்பதற்கு எப்படி நகர்ந்தது என்பதுதான் பொருள். பஸ்ஸில் வாசிக்கத் தொடங்கி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

ஏனென்றால் அது என் கவுண்டரின் கதை. எங்களிடம் ஒரு புள்ளிப் படிவம் இருந்தது. குசினியை வேறு குடும்பத்தோடு பகிர்ந்தால் இத்தனை புள்ளி, படுக்கையறை ஒன்று குறைந்தால் இத்தனை, சுவரில் ஈரம் என்றால் இத்தனை, வைத்தியர் கடிதத்துக்கு இத்தனை. பென்சிலால் கூட்டி, அடியில் வட்டம் போடுவேன். ஒருநாள் ஒரு தாதி வந்தா, கணவர் பஸ் ஓட்டுநர், ஒரு பிள்ளை. தனியார் பிளாட், இரண்டு அறை, ஈரம் இல்லை, குசினி சொந்தம். கூட்டினேன், பூச்சியம். படிவத்தின்படி அவவுக்குத் தேவையே இல்லை. வாடகைச் சீட்டையும் சம்பளச் சீட்டையும் கவுண்டர் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுக் காட்டினா. சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகை. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

'தேவை' என்றால் அரசு ஒரு தரத்தை வகுத்து, அதற்குக் கீழே இருப்பவருக்கு வீட்டையே கொடுப்பது. 'கட்டுப்படியாதல்' என்றால் வருமானத்தையும் விலையையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, வித்தியாசத்தை யார் எப்படி ஈடுசெய்வது என்று கேட்பது. முதலாவதில் செங்கல்லுக்கு மானியம், இரண்டாவதில் ஆளுக்கு மானியம். இரண்டாவது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் வீடே போதாத ஊரில் ஆளுக்குக் கொடுத்த காசு வாடகையாக ஏறி வீட்டுக்காரரின் பைக்குள் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. எங்கள் கந்தோரில் இதை நாளாந்தம் கண்டோம், பெயர்தான் தெரியாமல் இருந்தோம். தமிழில் யோசித்தால் ஒரு வேடிக்கை: வீடு கட்டுவதும் 'கட்டு', விலை கட்டுவதும் 'கட்டு'. முன்னையது நடந்தால்தான் பின்னையது நடக்கும்.

அவருடைய இன்னொரு பெரிய வேலை, 1990 ஆம் ஆண்டு நகர, நாட்டுத் திட்டமிடல் சட்டத்தின் 106 ஆம் பிரிவு பற்றியது. டோனி குரூக், சாரா மொங்க் போன்றவர்களோடு சேர்ந்து பல வருடம் செய்தது. நிலத்துக்குக் கட்டட அனுமதி கிடைத்தவுடன் அதன் விலை பல மடங்கு ஏறுகிறது; அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை வாங்கி, அதே இடத்தில் குறைந்த வாடகை வீடுகளாகக் கட்ட வைப்பதுதான் ஏற்பாடு. 2000களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் அப்படிப்பட்ட புதிய வீடுகளில் பாதிக்கு மேல் இந்த வழியாகத்தான் வந்தன. ஒப்பந்தத்தில் எழுதியது எத்தனை, கட்டி முடித்தது எத்தனை என்று அவர்கள் பொறுமையாக எண்ணினார்கள். நிலம் விலைபோகும் தெற்கில் இது வேலை செய்கிறது, விலைபோகாத வடக்கில் பிழிந்தாலும் சாறு வராது என்பதும் அந்த எண்ணிக்கையில் தெரிந்தது. பிறகு வந்த காலத்தில் கட்டுநர்களின் கணக்காளர்கள் தடித்த கோப்புகளோடு எங்கள் கந்தோருக்கு வரத் தொடங்கினார்கள். நாற்பது பக்க அறிக்கையின் சாரம் ஒரே சொல்: கட்டாது. கவுண்டரின் அந்தப் பக்கம் நின்று தாதி விரலால் சொன்ன அதே சொல். மீன் சந்தையில் பெரியம்மா சொன்ன அதே சொல். ஒரு வித்தியாசம், பெரியம்மா அதைச் சொல்லிவிட்டு மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிடுவா.

எல்லாவற்றிலும் அவரோடு எனக்கு உடன்பாடு என்று நினைக்க வேண்டாம். 2017 இல் லண்டன் மேயருக்காக எல்.எஸ்.ஈ. ஆய்வாளர்கள், கத்லீன் ஸ்கன்லனும் இவரும் உட்பட, வெளிநாட்டார் வாங்கும் புதுக் குடியிருப்புகளை ஆராய்ந்தார்கள். முழுக்கப் பூட்டிக் கிடப்பவை ஒரு வீதத்துக்கும் குறைவு, அநேகமானவை வாடகைக்குப் போகின்றன, கட்டும் முன்பே காசு வருவதால் கட்டுமானம் விரைகிறது என்று அறிக்கை சொன்னது. தேம்ஸ் கரையில் இரவில் பஸ்ஸில் வந்தவன் நான். எத்தனை ஜன்னல் இருட்டாக இருக்கிறது என்று எண்ணியவன். என் எண்ணிக்கை ஆய்வு இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், விரைந்து கட்டிய வீடு யாருக்குக் கட்டும் என்ற கேள்விக்கு அந்த அறிக்கை எனக்குப் போதிய பதில் தரவில்லை.

மாஸ்டர் கடைசிக் காலத்தில் கனடாவில் மகளோடு இருந்தார். 2009 குளிர்காலத்தில், பத்திரிகை முழுக்க வீட்டுக் கடனும் வங்கிச் சரிவுமாக இருந்த நேரம், ஒரு ஞாயிறு காலை தொலைபேசி எடுத்தார். நான் வைட்ஹெட்டைப் பற்றிச் சொன்னேன். தேவை, கட்டுப்படியாதல், 106, ஐரோப்பிய நாடுகளின் சமூக வீடுகளை ஒப்பிட்டு வந்த தொகுப்புகள், எல்லாம். அரை மணித்தியாலம் குறுக்கிடாமல் கேட்டார்.

"அந்த அம்மா வீட்டை எந்தப் பக்கம் எழுதினவ?" என்று கேட்டார்.

"கோட்டுக்கு மேலை, சேர்."

"அப்ப சரி" என்றார். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "உன்ரை வீட்டுக் கடன் முடிஞ்சுதோ?"

"இன்னும் எட்டு வருசம் இருக்கு, சேர்."